உன் மனைவி ஏன் வெந்நீரில் உட்காருகிறாள்

அன்புள்ள ஜெயராஜ்,

உன் ரோஸி அத்தை உனக்குப் போன் செய்து சொன்னதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் உன் மனைவியைத் தினமும் வெந்நீர் நிரப்பிய டப்பில் உட்காரவைக்கிறேன் என்பது உண்மை. அது தண்டனை என்பது பொய். கிழவிக்கு இன்னும் கான்வென்ட் புத்தி போகவில்லை, முழங்கால் போடவைப்பதற்குப் பதிலாக மருமகளை டப்பில் உட்காரவைக்கிறாள் என்று அவள் தெருவில் சொல்லிச் சிரித்ததாகவும் கேள்விப்பட்டேன். கான்வென்டில் எங்களை முழங்கால் போடவைத்தது உண்டு. வெந்நீர் யாரும் தரவில்லை. செல்வியை நான் பிடித்துவைத்திருப்பதால்தான் அவள் புனேவுக்கு வராமல் இருக்கிறாள் என்பதும் பொய். அவளும் குழந்தையும் உன்னோடு இருக்கவேண்டும் என்பதில் உன்னைவிட எனக்கு அவசரம் அதிகம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ என்னைப் பார்த்து, "நீதான் அவள உட மாட்டேங்கறியாம்மா?" என்று கேட்டாய். கூடத்தில் உன் அத்தை இருந்தாள், பக்கத்து வீட்டுப் பெண் இருந்தாள், போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் போனைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். அதை நீ ஒப்புதலாக எடுத்துக்கொண்டிருப்பாய். என்னிடம் பதில் இருந்தது. அதை அத்தனை பேர் நடுவில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். செல்விக்குத் தெரியாமல் எழுதவில்லை. "என் வாயால அவர்கிட்ட சொல்ல வராது அத்தே, நீங்களே எழுதுங்க. ஆனா எனக்குக் காட்டிட்டுதான் போஸ்ட் பண்ணணும்" என்றாள். ஆகவே இந்தத் தாள்களில் எங்காவது ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தால் அது அவள் அடித்தது. என்னைக் கேட்காதே.

செய்தி இதுதான். செல்விக்கு மூலம். பிரசவத்தோடு வந்தது. அதோடு ஆசனவாயின் ஓரத்தில் தோல் தளர்ந்து சின்னச் சின்ன மடிப்பாகத் தொங்குகிறது. இந்த மூன்று வாக்கியங்களை எழுதுவதற்குள் நான் பல தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

இது எப்படி வந்தது என்று நீ கேட்பாய். வயிற்றில் குழந்தை வளர்ந்து கீழே அழுத்தும்போதே அந்த இடத்து ரத்தக்குழாய்கள் வீங்கத் தொடங்கிவிடும். பிரசவ அறையில் வெகுநேரம் முக்கினாள். இவை எல்லாத் தாய்களுக்கும் நேர்வது. அதற்கு மேல் நம் ஊர் வழக்கம் ஒன்று சேர்ந்தது. பிள்ளையார்பாளையத்தில் தாய்வீட்டில் அவள் இருந்த நாட்களில் சம்பந்தியம்மாள் பத்தியம் வைத்தார். கீரை கூடாது, குளிர்ச்சி. பழம் கூடாது, குழந்தைக்குச் சளி பிடிக்கும். சுட்ட பூண்டு, கருவாட்டுக் குழம்பு, நல்லெண்ணெய் விட்ட சோறு. தண்ணீர் கேட்டால் சின்ன டம்ளரில் சுக்குத் தண்ணீர். "பச்ச ஒடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு பானையாட்டம் ஆயிடும்டி" என்று சொல்லிச் சொம்பைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிடுவாராம். பால் கொடுக்கிற உடம்பு. தாகமோ உயிர் போகிற தாகம். தண்ணீரும் இல்லை, கீரையும் இல்லை என்றால் மலம் கல்லாகாமல் என்ன செய்யும்? நான் சம்பந்தியம்மாளைக் குறை சொல்லவில்லை. தன் தட்டிலிருந்த மீனையும் மகளுக்கு எடுத்துவைத்தவர் அவர். அவருக்கும் அப்படித்தான் செய்தார்கள், எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். வலிக்கிறது என்று செல்வி சொன்னபோது, "தையல் வலிடி, ஆறிடும்" என்றார்கள். தையல் ஆறியது. வலி போகவில்லை.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் அவளை இங்கே அழைத்துவந்தோம். வந்த நாளிலிருந்து அவள் சுவரில் சாய்ந்து நின்றபடியே பால் கொடுத்தாள். "உட்காரேன்மா" என்றால், "இல்ல அத்தே, இவன் நின்னாத்தான் குடிக்கிறான்" என்பாள். சாப்பாடும் அடுப்படியில் நின்றபடிதான். நான் பட்டு சொசைட்டியில் புடவைகளுக்குத் தரம் பார்த்தே ஓய்வுபெற்றவள். நல்ல பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். குழந்தையை வாங்கித் தூளியில் போட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, என்ன என்று கேட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அத்தே, எனக்குப் புத்துநோய் அத்தே. அம்மாவுக்கும் சொல்லல. இவனுக்கு ஒரு வயசு வரைக்குமாவது பால் குடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள். கழுவும்போது கையில் சதை தட்டுப்பட்டிருக்கிறது. ரத்தமும் பார்த்திருக்கிறாள். போனில் தேடியிருக்கிறாள், அது புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு மாலையும் உனக்குக் கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே அறுவை சிகிச்சை பார்க்கும் பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அங்கே நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். மருத்துவர் "என்ன தொந்தரவு?" என்று கேட்டதும், பேசத் தெரிந்தவள் நான்தானே என்று முந்திக்கொண்டு நல்ல ஆங்கிலத்தில், இவளுக்குக் கீழ்ப்பகுதியில் சற்று அசௌகரியம் என்றேன். "இடுப்பா?" என்றார். இன்னும் சற்றுக் கீழே என்றேன். "முட்டியா?" அவ்வளவு கீழே இல்லை என்றேன். மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்போதுதான் செல்வி வாயைத் திறந்தாள். "டாக்டர், வெளிக்குப் போற எடத்துல சதை தொங்கிக்கினு இருக்குது. போனா ரத்தம் வருது. ஒக்கார முடியல. இவங்க கான்வென்ட்டு, இவங்க வாயில அது வராது." நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மருத்துவரும் சிரித்தார். எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது, பிறகு நானும் சிரித்துவிட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் உடல்நலப் பாடத்துக்கு மனித உடலின் பெரிய படம் ஒன்று மாட்டியிருப்பார்கள். இடுப்புக்குக் கீழே சிஸ்டர் காக்கி அட்டை ஒட்டிவைத்திருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்த அட்டை வரைக்கும்தான்.

மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார். கையுறை மாட்டிக்கொண்டு விரலால் ஒருமுறை, சின்னக் குழாய் வைத்து ஒருமுறை. நான் செல்வியின் தலைமாட்டில் நின்றேன். எழுந்து வந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புத்துநோயும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. உள்ள ரத்தக்குழாய் வீங்கியிருக்குது, அதான் மூலம், அதான் ரத்தம். வெளிய இருக்கறது வெறும் தோலு. பிரசவத்துல வீங்கிச்சு, அப்பறம் வடிஞ்சிடுச்சு, இழுபட்ட தோலு மட்டும் தங்கிடுச்சு. அது யாரையும் ஒண்ணும் பண்ணாது." செல்வி விடவில்லை. "அத வெட்டிடுங்க டாக்டர்" என்றாள். "வெட்டலாம்மா, சின்ன வேலதான். ஆனா அந்த எடத்துப் புண்ணு ஆறவரைக்கும் நல்லா வலிக்கும், கைக்கொழந்த வேற. அடுத்த பிரசவத்துல மறுபடியும் வரலாம். அரிப்பெடுத்தா, கழுவக் கஷ்டமா இருந்தா வா, அப்போ பாப்போம். பாக்க நல்லா இல்லன்னு மட்டும் அவசரப்பட்டு வெட்டிக்காத" என்றார். என்னிடம், "நீங்க ஒண்ணு நல்லது பண்ணீங்க. ரத்தம் வந்தா மூலமாத்தான் இருக்கும்னு வீட்டிலேயே முடிவு பண்ணிக்கினு ஒக்காராம கூட்டிக்கினு வந்தீங்களே" என்றார். என் ஆங்கிலத்துக்குப் பிறகு அந்தப் பாராட்டு எனக்குத் தேவையாக இருந்தது.

வீடு திரும்பும் ஆட்டோவில் அவள், "வெறும் தோலா அத்தே? வெறும் தோலுதானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். புடவையில் ஒரு இடத்தில் நெசவு இழுபட்டுத் தளர்ந்திருந்தால் அதைக் கிழிசல் என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை என்றேன். அவள் தறிவீட்டுப் பெண், உடனே புரிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், உன் அத்தையின் கதையோடு ஒப்பிட்டுக்கொள். காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது கொய்யாப்பழம். மதியம் ஏதாவது ஒரு கீரை. இரவில் மலம் இளக மருத்துவர் எழுதிக்கொடுத்த இசப்கோல் உமி, பெரிய டம்ளர் தண்ணீரோடு. பால் கொடுக்க உட்காரும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், அது காலியாகாமல் எழுந்திருக்கக் கூடாது. வயிறு பானையாகவில்லை. வெளிக்கு வருகிறது என்று தோன்றியதும் போய்விடவேண்டும், குழந்தை அழுதால் நான் இருக்கிறேன். முக்கக் கூடாது. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டும் டப்பில் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் உட்காரவேண்டும். வெந்நீர் என்று நானும் பேச்சுவாக்கில் எழுதிவிட்டேன். கை பொறுக்கிற சூடுதான். அதில் டெட்டால் ஊற்றலாமா என்று முதலில் நினைத்தேன். ஊற்றவில்லை, எரியும். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கக் கூடாது. களிம்பு மருத்துவர் கொடுத்தது மட்டும். அவ்வளவுதான். ரத்தம் வருவது நின்றுவிட்டது. இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் உன் மகனை வைத்துக்கொண்டு, எனக்குச் சரியாகக் கறிவேப்பிலை ஆயத் தெரியவில்லை என்று குறை சொல்கிறாள். என்னைக் குறை சொல்ல ஒருத்தி கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

உன் அத்தைக்கு இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்றால், ஒருநாள் மதியம் வந்தவள் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு, "என்னா அண்ணி, பட்டப்பகல்ல ரெண்டாவது வாட்டி குளிக்கிறா உன் மருமவ?" என்றாள். குளிக்கவில்லை, வெந்நீர் டப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். மீதியை அவளே நெய்துகொண்டாள்.

நீ பிறந்தபோது எனக்கும் இதுவேதான். நான் மருத்துவரிடம் போகவில்லை. கான்வென்டில் படித்த பெண் போய்ச் சொல்லும் விஷயமா இது? உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், ஊரில் இருக்கும் நாட்களே குறைவு. ஒருமுறை வந்தவர் நான் சுவரைப் பிடித்து உட்காருவதையும் பிடித்து எழுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த முறை வரும்போது தோளில் ஒரு பழைய டயர் டியூபைக் காற்றடித்து மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். எதிர்வீட்டுக்காரர், "இன்னாப்பா இது?" என்று கேட்டார். "புள்ளைக்கு நீச்சல் கத்துக் குடுக்கறதுக்கு. தென்னேரி ஏரிக்குக் கூட்டிக்கினு போவணும்" என்றார் இவர். "தலையே நிக்கலையேப்பா அதுக்கு!" "இப்பவே வாங்கி வெச்சாத்தான் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அதன்மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, நான் உட்காரும் மூலையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நீ எழுந்து நடக்கும்வரை நான் அதில்தான் உட்கார்ந்தேன். அப்படி நடுவில் ஓட்டையுள்ள வளையத்தில் வெகுநேரம் உட்காருவது நல்லதில்லை, அந்த இடம் தொங்கி இன்னும் வீங்கும், மெத்தென்ற சாதாரணத் தலையணையே போதும் என்று செல்வியின் மருத்துவர் இப்போது சொல்கிறார். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த டியூபைப் பற்றி யாரும் தவறாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது.

பிறகு வருஷக்கணக்கில் வந்தும் போயும் இருந்தது. உன் அப்பா காலமான மறு வருஷம் ரத்தம் அதிகமாகப் போய்ப் படியேற முடியாமல் ஆனபோதுதான் சென்னையில் போய்க் காட்டினேன். கண் காட்டப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. உள்ளேயிருந்த மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையம் மாட்டினார்கள். ஓரிரு நாள் கனமாக வலித்தது, பிறகு அது தானே சுருங்கி விழுந்துவிட்டது. வளையம் மாட்டிய அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனை எளிதான விஷயத்துக்கு இத்தனை வருஷமா என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. வெளியே இருந்த தோல் மடிப்புகளை வெட்டவில்லை. இன்றும் இருக்கின்றன. உன் வயதுதான் அவற்றுக்கும். உன்னைவிட அவை எனக்குத் தொந்தரவு கொடுத்தது குறைவு.

இனி நீ உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உடம்பு தேறியும் செல்வி ஏன் வரவில்லை? உன் மாமா மகள் கல்யாண விருந்தில் நீ ரோஸி அத்தையின் வீட்டுக்காரர் மாணிக்கம் மாமாவைப் போல நடித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? நாற்காலியின் நுனியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, பாயசத்தைக் கையில் வாங்கி, முகத்தைக் கோணிக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் கீறேன்" என்றாய். பந்தியே சிரித்தது. உனக்குக் கல்யாணமாகிச் சில வாரம்தான். எல்லாரையும்விடத் தான்தான் அதிகம் சிரித்ததாகச் செல்வி சொல்கிறாள். "இப்ப நானே மாமாவாட்டம் ஆயிட்டேன் அத்தே. அவரு சிரிப்பாரு" என்றாள். சிரிக்கமாட்டான் என்றேன். "சிரிக்கலன்னாலும் பாத்துட்டு மனசுல ஒரு மாதிரி ஆயிடும் இல்ல? அங்க ஒரே ரூமு. எங்க போய் மறைச்சிக்கறது?" என்றாள். இதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நான் இல்லை.

மாமாவைப் பற்றி உனக்குத் தெரியாததைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் மூலம்தான். பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்த்து, ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம், கேரண்டி என்று எழுதியிருந்ததை நம்பிப் போனார். அங்கே ஏதோ மருந்தை வைத்துச் சுட்டுவிட்டார்கள். அதன்பிறகு உண்மையான ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் மருந்து கட்டினார். நீ நடித்துக் காட்டியது அந்தப் புண்ணை. உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் அன்று சிரித்தேன், நீ அவ்வளவு நன்றாக நடித்தாய். அதனால் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு உரிமையில்லை, எண்ணமும் இல்லை. நீ கெட்டவன் இல்லை. உன் மனைவிக்கு அது நிச்சயமாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அவள் வந்தால் அங்கே என்ன செய்யவேண்டும் என்பதையும் இப்போதே சொல்கிறேன். உன் குடியிருப்பில் வெஸ்டர்ன் டாய்லெட் என்றாய். அதன்முன் கால் வைத்துக்கொள்ள ஒரு சின்ன ஸ்டூல் வாங்கிப் போடு, முக்காமல் போக அது உதவும். ஒரு டப் வாங்கு. கீரையைக் கழுவி நறுக்கக் கற்றுக்கொள், அவளுக்கு அங்கே நான் இருக்கமாட்டேன். குழந்தை அழும்போது அவள் உள்ளே இருந்தால் கதவைத் தட்டாதே, குழந்தையைத் தூக்கு. மறுபடி ரத்தம் வந்தாலோ, கட்டிபோல வீங்கித் தாளமுடியாத வலி வந்தாலோ அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போ. அவளே பேசுவாள், நன்றாகப் பேசுவாள். உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளதில் நான் நுழையமாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். அவள் விளக்கை அணைக்கச் சொன்னால் அணை. ஏன் என்று கேட்காதே. அவளுக்குத் தோன்றும்போது அவளே போடுவாள்.

செல்வி இதுவரை படித்துவிட்டாள். அடித்தது ஒரு வரிதான், அதுவும் என் சமையலைப் பற்றி அவள் சொன்னது. கடைசி வரியைத் தொடவில்லை. படித்து முடித்து, "அவரு என்னா சொல்லுவாரு அத்தே?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

ஆகவே அவள் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. போன் செய்யாதே, போனில் நீ சொல்வது கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும் போகும், அவளிடம் தங்காது. இந்த உடம்போடு, இப்போது இருக்கிறபடியே, அவள் உன்னிடம் வரவேண்டும் என்று நீ விரும்புகிறாயா என்பதை உன் கையால் தாளில் எழுதி அனுப்பு. கவரை நான் பிரிக்கமாட்டேன். நாங்கள் தபாலை எதிர்பார்த்திருக்கிறோம்.

அம்மா